கதவுக்கு வெளியே வந்த பாதி

எங்கள் அத்தான் இப்போது மதிய வேளைகளில் வீட்டில்தான் இருக்கிறார். ஜன்னலோரக் கட்டிலில் சாய்ந்திருக்கும் தன் அப்பாவுக்குக் கரண்டி கரண்டியாகச் சாப்பாடு ஊட்டி, வாயைத் துடைத்துவிட்டு, பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வாசலுக்கு வந்து நிற்கிறார். தெருவில் போகிறவர்கள் சும்மா போவதில்லை. "என்ன கதவு, இன்னிக்கும் லீவா?" என்று ஒரு கொக்கி போட்டுவிட்டுத்தான் போகிறார்கள்.

அவரைப் பற்றி எங்கள் தெருவில் மூன்று கதைகள் ஓடுகின்றன. வேலையை விட்டுத் தூக்கிவிட்டார்கள் என்பது ஒன்று. கட்சிக்காரர்களிடம் கை நீட்டிவிட்டார் என்பது இன்னொன்று. பெரிய பதவி கொடுத்துவிட்டார்கள், அதனால்தான் வேலைக்கே போக வேண்டியதில்லை என்பது மூன்றாவது. அரசாங்கத்தைப் பற்றி எங்கள் தெருவுக்கு இருக்கும் அறிவு அவ்வளவுதான். மூன்றும் பொய். உண்மை என்னவென்று அவரைக் கேட்டால் அவருக்கே சரியாகத் தெரியாது. அவரைவிட எனக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். அதனால் நான் சொல்கிறேன்.

நான் அவர் மனைவியின் தம்பி. பிராந்திய சபைக் கட்டடத்தின் கேன்டீனில் டீ போடுகிறேன். என் அடுப்பிலிருந்து எட்டிப் பார்த்தால் நீளமான தாழ்வாரம் தெரியும். தாழ்வாரத்தின் மறுகோடியில் சபை மண்டபத்தின் பிரதான வாசல். அந்த வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர்தான் அத்தான். கதவுக் காவலர் என்பது உத்தியோகப் பெயர். எல்லாரும் கூப்பிடுவது 'கதவு' என்று. உறுப்பினர்கள் கூப்பிட்டார்கள், துப்புரவு செய்கிற அம்மா கூப்பிட்டார், கடைசியில் ஊரும் கூப்பிட்டது. அவருக்கு அதில் வருத்தமில்லை. உள்ளூரப் பெருமைதான் என்று நினைக்கிறேன்.

சபையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். தலைநகரத்தில் பெரிய பாராளுமன்றம் இருக்கிறது. எங்களுடையது அது பிரித்துக் கொடுத்த வேலைகளைப் பார்க்கிற சின்ன சபை. பள்ளிக்கூடங்களை நடத்துகிற அதிகாரம் எங்களுக்கு. அதற்கான காசை ஒதுக்குகிற அதிகாரம் அவர்களுக்கு. கிராமத்து ரோடு யாருடையது என்பது மட்டும் மழை பெய்ததா, தேர்தல் வந்ததா என்பதைப் பொறுத்தது. இதெல்லாம் எனக்குக் குழப்பமாக இருக்கிறது என்று ஒரு முறை ஒரு அமைச்சரிடமே சொன்னேன். "எனக்கும்தாம்பா, சர்க்கரை கம்மியா போடு" என்றார்.

அத்தானின் குழப்பம் வேறு மாதிரி. அது கதவிலிருந்து வந்தது. ஆள் உயரத்துக்கு மேல் போகும் கனமான இரட்டைக் கதவு அது. சத்தம் உள்ளேயும் வெளியேயும் போகாமலிருக்க உட்பக்கம் பஞ்சு வைத்துத் துணி தைத்திருப்பார்கள். சாத்தியிருந்தால் உள்ளே சண்டையே நடந்தாலும் வெளியே முணுமுணுப்புக்கூட வராது. யாராவது உள்ளே போகும்போதோ வெளியே வரும்போதோ மட்டும், நிறைந்த வாளியிலிருந்து தண்ணீர் தளும்புகிற மாதிரி கொஞ்சம் பேச்சு தாழ்வாரத்தில் சிந்தும். அத்தான் தன் உத்தியோக காலம் முழுக்கக் கேட்டது இந்தச் சிந்தலைத்தான். விவாதத்தின் முழு உரை ஒன்றைக்கூட அவர் கேட்டதில்லை. ஆனால் எல்லா விவாதமும் அவருக்குத் தெரியும். காதில் விழுந்தது பாதி, மீதியை அவரே போட்டு நிரப்பிக்கொள்வார்.

நிரப்பினதை வீட்டுக்குக் கொண்டுவந்து தீர்ப்பு மாதிரி வாசிப்பார். ஒரு நாள் வந்து, மாட்டுத் தீவனம் இனிமேல் பாதி விலை, சபையில் அமைச்சர் சொல்லிவிட்டார் என்றார். பக்கத்து வீட்டம்மா மறுநாள் காலையிலேயே கடைக்குப் போய்ப் பாதிப் பணத்தை வைத்துவிட்டு மூட்டையைத் தூக்கியிருக்கிறார். கடைக்காரர் ஒரு முனை, இவர் ஒரு முனை, நடுவில் மூட்டை கிழிந்து தெருவெல்லாம் தீவனம். விசாரித்தால், அன்றைக்கு அமைச்சர் எதிர்க்கட்சியின் கோரிக்கைகளைக் கிண்டலாகப் படித்துக் காட்டியிருக்கிறார். கிண்டல் கதவுக்கு உள்ளேயே தங்கிவிட்டது, கோரிக்கை மட்டும் வெளியே வந்துவிட்டது. அந்த அம்மா இன்றுவரை அத்தானோடு பேசுவதில்லை.

ஆனால் கதவு விஷயத்தில் அத்தானிடம் யாரும் விரல் நீட்ட முடியாது. சபையில் வாக்கெடுப்பு என்றால் கட்டடம் முழுக்க மின்மணி அலறும். கேன்டீனில், நூலகத்தில், கழிவறையில் இருக்கிற உறுப்பினர்கள் எல்லாம் போட்டது போட்டபடி ஓடிவருவார்கள். மணி நின்றதும் கதவைச் சாத்தித் தாழ் போட வேண்டும். அதற்கப்புறம் வருகிறவருக்கு ஓட்டு கிடையாது. ஒரு முறை முதலமைச்சரே மாட்டிக்கொண்டார். பட்டும் படாமலும் அத்தானின் தோளுக்கு மேலாகக் கதவைத் தட்டினார், அப்புறம் பலமாகத் தட்டினார், "நான்தாம்பா" என்றார். அத்தான் முதுகைக் கதவில் சாய்த்துக்கொண்டு எதிர்ச்சுவரில் தொங்கிய கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். மறுநாள் முதலமைச்சர் அந்த நேர்மையைச் சபையில் எழுந்து பாராட்டினாராம். ஆளுக்கு ஆள் வந்து சொன்னார்கள். அத்தான் கேட்கவில்லை. அவர்தான் கதவைச் சாத்தியிருந்தாரே.

பக்க வாசல் ஒன்றும் உண்டு. அதற்கு வேறொரு காவலர். அவர் பெரும்பாலும் என் கேன்டீனில்தான் இருப்பார் என்பதை மட்டும் இப்போது சொல்லி வைக்கிறேன்.

என் அக்கா எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்து டீச்சர். இரண்டே அறை, ஒரு தண்ணீர்க் குழாய், ஒரு டீச்சர். பள்ளிக்கூடத்துக்கும் அக்கா வீட்டுக்கும் நடுவில் ஒரு தெருதான். அத்தானின் அப்பாவுக்கு உடம்பில் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு படுக்கையில் விழுந்த பிறகு, மதிய மணி அடித்ததும் அக்கா தெருவைக் கடந்து வந்து மாமனாருக்கு ஊட்டிவிட்டு, அடுத்த மணிக்குள் திரும்பிப் போய்விடுவாள். அந்த ஏற்பாட்டில்தான் அந்தக் குடும்பம் நடந்துகொண்டிருந்தது. அவள் அந்தப் பக்கம் இல்லாவிட்டால் இந்தப் பக்கம் ஒருவரும் சாப்பிட முடியாது. வேறு ஆள் வைக்க வசதி கிடையாது. வைத்தாலும் அந்த மனிதர் வீட்டு ஆட்கள் கையைத் தவிர வேறு கைக்கு வாய் திறப்பதும் கிடையாது.

இந்த நிலைமையில்தான் அந்த மசோதா வந்தது. அதன் பெயரை ஒரே மூச்சில் சொல்ல யாராலும் முடியாது. விஷயம் இதுதான்: எங்கள் சபையே ஒரு வரி வசூலிக்கலாம், தேவைப்பட்டால் கடனும் வாங்கலாம் என்று பெரிய பாராளுமன்றம் இறங்கி வந்திருந்தது. பதிலுக்கு நாங்கள் சிக்கனத்தைக் காட்ட வேண்டும். பிள்ளைகள் குறைந்த பள்ளிக்கூடங்களை மூடி, பெரிய பள்ளிக்கூடங்களோடு சேர்க்க வேண்டும். மிச்சமாகிற பணத்தில் கிராமத்துக்கு ரோடு, பால் குளிரூட்டும் நிலையம், சிறுதொழில் கடன்.

டீ குடிக்க வந்தவர்கள் பேசியதையெல்லாம் கூட்டிக் கழித்து நான் புரிந்துகொண்டது இவ்வளவு. பள்ளிக்கூடத்தை மூடினால் ரோடு வரும். ரோடு வந்தால் பால் கெடாது. பால் கெடாவிட்டால் ஆட்கள் ஊரை விட்டுப் போக மாட்டார்கள். ஆட்கள் இருந்தால் பிள்ளைகள் இருக்கும். பிள்ளைகள் இருந்தால் பள்ளிக்கூடம் வேண்டும். இதை அத்தானிடம் சொன்னேன்.

"மறுபடியும் சொல்லு மாப்ளே" என்றார்.

மறுபடியும் சொன்னேன். எனக்கே பாதியில் தலை சுற்றியது.

"அப்ப எதுக்குய்யா மூடணும்?" என்றார். அதற்குப் பதில் அந்தக் கட்டடத்தில் யாரிடமாவது இருந்ததா என்பதே சந்தேகம்தான்.

எங்கள் தொகுதியின் உறுப்பினரை ஊரில் 'பால் வண்டி' என்போம். பால் எடுக்கிற வேன் ஓட்டியவர். எந்தக் கட்சியிலும் சேராமல் நின்று, வீடு வீடாக ஏறி இறங்கி ஜெயித்தவர். அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். அதன் மேல் ஒருவரையும் கை வைக்க விட மாட்டேன் என்று தேர்தல் சமயத்தில் அதன் குழாயடியில் நின்று சத்தியம் செய்தவர். அத்தானுக்கு அது போதும். மற்றவர்கள் என்ன வேண்டுமானாலும் பேசட்டும், பால் வண்டி இருக்கிறார் என்று ஒரே பிடியாக இருந்தார்.

வாக்கெடுப்பு நடந்த அன்று காலை நான் வழக்கம்போல அவரைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போக அக்கா வீட்டு வாசலில் நின்றேன். அத்தான் குனிந்து ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். அக்கா கையில் சாக்பீஸ் டப்பாவோடு அவருக்குப் பின்னால் நின்றாள்.

"ஏங்க, அந்த ஸ்கூல் விஷயமா உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"எனக்குத் தெரியும்டி. நீ கவலையே படாத. உன் ஸ்கூல ஒருத்தனும் தொட முடியாது."

"அது இல்லங்க, நான் என்ன சொல்ல வர்றேன்னா..."

"பஸ் போயிடும்" என்று அத்தான் வெளியே வந்து கதவைச் சாத்தினார். உத்தியோக வாசனை, வீட்டுக் கதவையும் அழுத்தித்தான் சாத்துவார். அக்காவின் முகத்தை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வாய் திறந்தபடி இருந்தது. அந்த நேரத்தில் எனக்கும் பஸ்தான் பெரிதாகப் பட்டது.

அன்று முழுக்க அத்தானுக்குத் திண்டாட்டம். நான் டீ கொண்டுபோகும்போதெல்லாம் அவர் வேறொரு கட்சியில் இருந்தார். நிதியமைச்சர் பேசும்போது கதவு திறந்திருக்கிறது. "பூட்டு நம்முடையது, சாவி அவர்களுடையது, இப்படி எத்தனை நாள்?" என்ற இடம் காதில் விழுந்திருக்கிறது. "நியாயந்தானே மாப்ளே, சாவி நம்ம கைக்கு வரணும்" என்றார். அடுத்த முறை போனபோது எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் கடனைப் பற்றி முழங்கியது சிந்தியிருக்கிறது. "சாவியை வாங்கி என்ன பண்றது? பெட்டிக்குள்ள வெறும் கடன்தானாம்" என்றார். அதற்கடுத்த முறை கிராமப் பொருளாதாரம். ஊர்ப் பக்கத்து உறுப்பினரான ஒரு பெண்மணி, தன் தொகுதியில் பாலைச் சாக்கடையில் கொட்டியதைச் சொல்லி அழுதிருக்கிறார். அத்தானுக்கும் கண் கலங்கியிருந்தது. "ரோடு வேணும்பா. ரோடு இல்லாம முடியாது" என்று டீயை ஆறவிட்டுவிட்டார்.

"அப்ப மசோதா நல்லதுங்கறீங்களா?" என்றேன்.

"நல்லதுதான்."

"அக்கா ஸ்கூல்?"

"அத மூடக் கூடாது."

"மூடினாத்தானே அத்தான் ரோடு?"

"நீ போய் உன் அடுப்பப் பாரு" என்று எரிந்து விழுந்தார். பாவமாகத்தான் இருந்தது. ஒரு மனிதர் மேல் நாள் முழுக்க இப்படி அரைகுறையாக ஞானத்தை ஊற்றினால் அவர் என்னதான் செய்வார்!

பிற்பகலில் பால் வண்டி பேச எழுந்தார். அத்தானின் அதிர்ஷ்டம், சரியாக அப்போது வயதான உறுப்பினர் ஒருவர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு மெதுவாக உள்ளே போனார். கதவு நன்றாகத் திறந்து நின்றது. நானும் காலி டம்ளர்களோடு அங்கேதான் நின்றேன். "அந்த இரண்டு அறைப் பள்ளிக்கூடத்தில்தான் எனக்கு எழுத்து வந்தது. அந்தக் குழாயடியில்தான் ஸ்லேட்டைக் கழுவினேன். இன்றைக்கும் அங்கே ஒரு டீச்சர் தனியாக நின்று ஐந்து வகுப்புக்கும் பாடம் நடத்துகிறார். அவர் காலில் விழுந்து கும்பிடலாம்" என்றார். குரல் தழுதழுத்தது. கைத்தடிக்காரர் உள்ளே போய்விட்டார். கதவு சாத்திக்கொண்டது.

"கேட்டியா?" என்றார் அத்தான். நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. "உங்க அக்காவப் பத்தி. சபையில. மனுஷன்னா இவர்தான் மனுஷன்."

மீதிப் பேச்சு என்னவாக இருக்கும் என்பதில் அவருக்குக் கடுகளவும் சந்தேகமில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கும் இல்லை.

பேச்சு முடிந்து சற்று நேரத்தில் பால் வண்டி வெளியே வந்து, ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு தாழ்வாரத்தைத் தாண்டி மரத்தடிக்குப் போய்விட்டார். வாக்கெடுப்பு மறுநாளைக்குத் தள்ளிப்போகும் என்றுதான் எல்லாரும் பேசிக்கொண்டிருந்தார்கள். திடீரென்று மணி அலறியது. கேன்டீனில் நாற்காலிகள் சரிந்தன. ஒருவர் வாயில் பிஸ்கட்டோடு ஓடினார். எல்லாரும் கதவுக்குள் நுழைந்து தீர்ந்த பிறகும் பால் வண்டி மட்டும் மரத்தடியில் முதுகைக் காட்டிக்கொண்டு, இன்னொரு காதை விரலால் அடைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார். ஊரிலிருந்து வந்த ஃபோன், சிக்னல் சரியில்லை.

மணி நின்றது.

அத்தான் ஒரு பக்கக் கதவைச் சாத்தினார். மறுபக்கக் கதவின் கைப்பிடியைப் பிடித்தார். நான் அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். சாத்தவில்லை. மரத்தடியைப் பார்த்தார், உள்ளே பார்த்தார், மறுபடியும் மரத்தடியைப் பார்த்தார். ஓட்டுகள் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சரிசமம், ஒரு ஓட்டில் எப்படியும் புரளலாம் என்பது கேன்டீன் பூனைக்குக்கூடத் தெரியும். அந்த ஒரு ஓட்டு உள்ளே போனால் அக்காவின் பள்ளிக்கூடம் தப்பும், அப்பாவின் மதியச் சாப்பாடு தப்பும். கதவைச் சாத்தினால் எல்லாம் போச்சு. அவர் என்ன நினைத்தார் என்பது அவர் முதுகிலேயே எழுதியிருந்தது.

"ஐயா!" என்று கத்தினார். "ஐயா, ஓடியாங்க!"

அந்தத் தாழ்வாரத்தில் அத்தான் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. என் கையிலிருந்த டம்ளர் விழுந்து உடைந்தது. பால் வண்டி திரும்பிப் பார்த்தார், புரிந்துகொண்டார், ஓடிவந்தார். படியில் ஒரு செருப்பு கழன்று பின்னால் போய் விழுந்தது. எடுக்க நிற்கவில்லை. ஒற்றைச் செருப்போடு உள்ளே பாய்ந்தார். கதவு சாத்திக்கொண்டது, தாழ் விழுந்தது. அத்தான் போய் அந்தச் செருப்பை எடுத்து, தூசியைத் தட்டி, கதவோரமாக வைத்தார். என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றார். கல்யாணத்தன்றுகூட அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்க்கவில்லை.

கதவு திறந்தபோது முதலில் வந்தவர்கள் ஆளுங்கட்சிக்காரர்கள், ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு. மசோதா நிறைவேறிவிட்டது. ஒரே ஒரு ஓட்டு வித்தியாசம். அந்த ஓட்டு இல்லாவிட்டால் சரிசமமாகி மசோதா விழுந்திருக்கும்.

அத்தான் முதலில் நம்பவில்லை. வருகிறவர் முகத்தையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியாகப் பால் வண்டி ஒற்றைச் செருப்போடு வந்தார். கதவோரமிருந்த மற்றொன்றில் காலை நுழைத்துக்கொண்டே, "நல்ல நேரத்துல கூப்பிட்டீங்க. இல்லன்னா என் ஓட்டே போயிருக்கும்" என்றார்.

காவலர்கள் கேட்கக் கூடாத கேள்வியை அத்தான் கேட்டார். "எந்தப் பக்கம் போட்டீங்க?"

"ஆதரிச்சுத்தான். வேற வழி இல்லங்க. வீட்ல டீச்சர்கிட்ட சொல்லிடுங்க, சொன்னபடி செஞ்சுட்டேன்னு."

அவர் போய்விட்டார். அத்தான் அப்படியே நின்றார். குழாயடியில் செய்த சத்தியத்தைத்தான் இந்த ஆள் இப்படிக் குத்திக்காட்டிவிட்டுப் போகிறான், கேலி செய்கிறான் என்று நினைத்துக்கொண்டார். முகம் சாம்பலாகிவிட்டது. நான் தண்ணீர் கொடுத்தேன். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டிருந்தார், குடிக்கவில்லை.

அப்புறம் அவர் செய்த காரியத்துக்காகத்தான் எனக்கு அவர் மேல் இன்றைக்கும் மரியாதை. நேராக அவைக் காவல் அதிகாரியின் அறைக்குப் போனார். கதவுகளுக்கெல்லாம் அவர்தான் மேலதிகாரி. நானும் பின்னாலேயே போய் வாசலில் நின்றேன்.

"சார், மணி நின்னதுக்கப்புறம் கதவத் திறந்து வெச்சேன். ஒரு உறுப்பினர உள்ள விட்டேன். தெரிஞ்சேதான் செஞ்சேன்."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "யாராவது புகார் கொடுத்தாங்களா?"

"இல்ல சார். நானே சொல்றேன்."

"புகார் வராம நான் என்ன பண்ண முடியும்? வரவும் வராது. எதிர்க்கட்சிக்காரங்க எப்படிக் கொடுப்பாங்க? போன கூட்டத்துல அவங்க ஆளும் மணி நின்னப்புறம் பக்க வாசல் வழியாத்தானே வந்தாரு. அது எப்பவும் நடக்கறதுதானேய்யா."

"எப்பவுமா?"

"பக்க வாசல் என்னிக்குச் சரியா சாத்தியிருக்கு? உமக்குத் தெரியாதா?"

"அப்ப இத்தன வருஷமா நான் மட்டும்தான் சாத்திக்கிட்டு இருந்தேனா சார்?" என்றார் அத்தான்.

அதிகாரி மேசையில் இருந்த காகிதங்களை அடுக்கத் தொடங்கினார். கொஞ்சம் திட்டியிருந்தால் அத்தானுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். தப்புச் செய்த மனிதரை ஒருவரும் தப்பு என்று சொல்லாவிட்டால் அவர் எங்கே போய் முட்டிக்கொள்வது?

பஸ்ஸில் எங்கள் நிறுத்தம் வந்தபோது அவர் எழுந்திருக்கவில்லை. நான்தான் தோளைத் தொட்டு எழுப்பினேன். "உங்க அக்கா மூஞ்சியில எப்படி முழிப்பேன் மாப்ளே?" என்றார். "நானும் வர்றேன் அத்தான்" என்று மட்டும் சொன்னேன்.

அக்கா விளக்கைப் போட்டுவிட்டு, மாமனாரின் போர்வையைச் சரி செய்துகொண்டிருந்தாள். அத்தான் ஷூவைக்கூடக் கழற்றாமல் நடுவீட்டில் நின்று எல்லாவற்றையும் சொன்னார். கதவைப் பிடித்தது, கத்தியது, செருப்பு, ஒரு ஓட்டு, அதிகாரி சொன்னது, ஒன்றையும் மறைக்கவில்லை. "உன் ஸ்கூல நானே மூடிட்டேன்டி. கதவச் சாத்தியிருந்தா தப்பியிருக்கும். உனக்காகத்தான் திறந்து வெச்சேன்" என்று முடித்தார். கட்டிலில் இருந்த பெரியவர் மகனையும் மருமகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

அக்கா திட்டுவாள் என்று நினைத்தேன். அழுவாள் என்று நினைத்தேன். அவள் கட்டிலின் விளிம்பில் மெல்ல உட்கார்ந்தாள்.

"நீங்களா?" என்றாள். "எனக்காகவா? முதலமைச்சருக்கே திறக்காத மனுஷன்."

"இந்தப் பாவி அப்படிப் போடுவான்னு எனக்கு எப்படித் தெரியும்? உன்னப் பத்தி அப்படிப் பேசினான். காதால கேட்டேன்."

"அவரத் திட்டாதீங்க. போன வாரம் அவர் ஸ்கூலுக்கு வந்தாரு. டீச்சர், நான் என்ன பண்ணட்டும்னு கேட்டாரு. ஆதரிச்சே போடுங்க, மூடிடுங்கன்னு நான்தான் சொன்னேன்."

அத்தானின் வாய் திறந்தது. காலையில் ஜன்னல் வழியாக நான் பார்த்த அக்காவின் முகம் மாதிரியே இருந்தது.

"நீயா? ஏன்டி? என்கிட்ட ஒரு வார்த்த..."

"காலையில அதத்தான் சொல்ல வந்தேன். நீங்க கதவச் சாத்திட்டுப் போயிட்டீங்க." குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. "நேத்தும் சொல்ல வந்தேன். அதுக்கு முந்தியும் வந்தேன். பாதியிலேயே உங்களுக்கு எல்லாம் புரிஞ்சிடுது."

அத்தான் அந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஷூ காலோடு சப்பணம் போட்டு உட்கார்ந்ததைப் பார்க்கச் சிரிப்பு வர வேண்டும். எனக்கு வரவில்லை.

"சொல்லு" என்றார். "இப்ப சொல்லு. முழுசா."

அக்கா சொன்னாள். நாலாம் வகுப்பில் ஒரே ஒரு பெண் இருக்கிறாளாம். "அவதான் முதல் ரேங்க், அவதான் கடைசி ரேங்க். ஓடிப் பிடிச்சு விளையாடக்கூட ஆள் இல்லாம நாள் பூரா குழாய்கிட்ட நிக்கறா. அஞ்சு வகுப்புக்கும் நான் ஒருத்தி. ஒண்ணாம் வகுப்புக்கு எழுத்து சொல்லிக் குடுத்துட்டுத் திரும்பினா அஞ்சாம் வகுப்பு தூங்கிடுது. என் ஸ்கூல்னு நான் பிடிச்சு வெச்சிருக்கறது எனக்காகவா, அதுங்களுக்காகவா? யோசிச்சு யோசிச்சுப் பார்த்தேன். நான் சொன்னது சரியா தப்பான்னு இப்பவும் தெரியலங்க. அவர் போனப்புறம் போர்டக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அழுதேன்." இப்போதும் அழுதாள். புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு தொடர்ந்தாள். ஊர் எல்லையில் பஸ் நிற்குமாம், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அவளும் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போவாளாம், அங்கே அவளுக்கு ஒரே ஒரு வகுப்புதானாம், கூடப் பேச நாலு டீச்சர் இருப்பார்களாம். அதைச் சொல்லும்போது மட்டும் அவள் முகத்தில் ஒரு சின்ன ஆசை வந்து போனது. இத்தனை வருஷம் அவள் தனியாக நின்றது அத்தானுக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். தலையைக் குனிந்துகொண்டார்.

பிறகு மெதுவாக நிமிர்ந்து கட்டிலைப் பார்த்தார். பெரியவர் இவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப அப்பாவுக்கு மதியச் சாப்பாடு?"

"அதையும் யோசிச்சு வெச்சிருக்கேன். சபையில காலையில கட்டடத்தத் திறந்து விடற வேல ஒண்ணு இருக்காமே. விடியறதுக்கு முன்னாடி போகணும், பத்து மணிக்கு முடிஞ்சிடும். ஆளே கிடைக்கலன்னு தம்பி ஒரு நாள் சொன்னான்."

அத்தான் என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்கு நான் சொன்னதே ஞாபகம் இல்லை.

"ஓ, புரிஞ்சுது. அப்படின்னா நான் அந்தக் கதவ விட்டுட்டு..." என்று எழுந்தார்.

"உட்காருங்க. நான் இன்னும் முடிக்கல" என்றாள் அக்கா.

அத்தான் மறுபடியும் தரையில் உட்கார்ந்து, ஷூவின் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார்.